10 கிகா ஈதர்நெட் ஓடிஎன்-இல் ஏறும்போது: வேகம் பொருந்தியது, கடிகாரம் கடக்கவில்லை

செல்பேசி வலையமைப்பில் பேஸ் ஸ்டேஷன்களை மையத்தோடு இணைக்கும் பேக்ஹால் பகுதியில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு இது. மைய நிலையத்தில் ஒரு ரவுட்டர். அதன் 10 கிகா ஈதர்நெட் லேன் போர்ட், ஒளியிழைக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் டிரான்ஸ்பாண்டரின் கிளையன்ட் பக்கத்தில் (பயனர் கருவி மாட்டும் பக்கம்) ஏறுகிறது. ஓடிஎன் என்ற ஒளியிழைப் போக்குவரத்து வலையமைப்பு வழியாக நூறு கிலோமீட்டர் தாண்டி, இன்னொரு டிரான்ஸ்பாண்டரில் இறங்கி மறுமுனை ரவுட்டருக்குப் போகிறது. அதற்குக் கீழே பேஸ் ஸ்டேஷன்கள். இணைப்பை ஒப்படைக்கும் நாளில் எல்லா விளக்கும் பச்சை, பிழை எண்ணிக்கை சுழி, ரவுட்டிங் நெறிமுறைகள் ஏறிவிட்டன. பிறகுதான் புகார் வருகிறது. சில பேஸ் ஸ்டேஷன்களில் ஒத்திசைவு அலாரம் அடிக்கிறது. வேறு சிலவற்றில் அலாரமே இல்லை, ஆனால் ஹேண்டோவர் (அழைப்பை அடுத்த நிலையத்துக்குக் கைமாற்றுவது) தோற்கிறது. இன்னொரு பக்கம், 100 விழுக்காடு சுமையில் சோதித்தவர் 0.01 விழுக்காடு ஃபிரேம் இழப்பு என்று எழுதி வைத்திருக்கிறார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றே: டிரான்ஸ்பாண்டரின் கிளையன்ட் போர்ட்டில் எந்த மேப்பிங் (ஈதர்நெட்டை ஓடிஎன்-க்குள் வைக்கும் முறை) தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது. அந்தத் தேர்வு ஏன் இருக்கிறது என்று புரிய 2001-க்குப் போக வேண்டும்.

எண்கள் எங்கே முட்டின

இங்கே பயன்படும் பெயர்கள்: கிளையன்ட்டின் தரவு உட்காரும் இடம் ஓபியு. அதற்குக் கண்காணிப்புத் தகவல் சேர்ந்தால் ஓடியு. அதன்மேல் எஃப்இசி என்ற பிழைதிருத்தக் குறியீடு சேர்த்து இழையில் அனுப்பும் வடிவத்தை ‘லைன்’ என்றே குறிப்போம்.

தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியு-டி 2001-இல் ஓடிஎன்-க்கான ஜி.709 பரிந்துரையை வெளியிட்டபோது, அதில் ஏறப்போகும் முதன்மை கிளையன்ட் எஸ்டிஎச் என்ற பழைய தொலைபேசிப் போக்குவரத்து முறை. அதன் 10 கிகா வகையான எஸ்டிஎம்-64-இன் வேகம் வினாடிக்கு 9.95328 கிகாபிட். அதை வைத்தே 10 கிகா வகை ஓபியுவான ஓபியு2 அளவெடுக்கப்பட்டது: 9.95328 × 238/237, அதாவது 9.995277 கிகாபிட், ±20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு வரை விலகலாம்). எஃப்இசி சேர்ந்த லைன் வேகம் 10.709225 கிகாபிட்.

அடுத்த ஆண்டு ஜூனில் ஐஇஇஇ 802.3ஏஇ தரம் 10 கிகா ஈதர்நெட்டை இரண்டு உருவத்தில் கொண்டுவந்தது. ஒன்று வேன் ஃபை (WAN PHY). எஸ்டிஎச்-இன் 9.95328-க்குள் அடங்குவதற்காகவே செய்தது. விலையாக, மேக் அடுக்கில் (ஈதர்நெட் ஃபிரேம்களைக் கையாளும் அடுக்கு) கிடைப்பது சுமார் 9.29 கிகாபிட்தான். மற்றொன்று லேன் ஃபை (LAN PHY). மேக் அடுக்கில் முழு 10 கிகாபிட், 64பி/66பி குறியீட்டுக்குப் பிறகு 10.3125 கிகாபிட், ±100 பிபிஎம். சந்தை லேன் ஃபையின் பக்கம் சாய்ந்தது. மலிவான போர்ட், முழு 10 கிகாபிட். வேறு காரணம் தேவைப்படவில்லை.

லேன் ஃபை ஓபியு2-க்குள் போக முடியாததற்குத் தடை இரண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: 10.3125, 9.995277-ஐ விட 3.17 விழுக்காடு பெரிது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஓபியு2-இன் பழைய மேப்பிங்கான ஏஎம்பி (ஒத்திசைவற்ற மேப்பிங்), ஓடிஎன்-இன் ஒரு சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) ஒரு பைட்டைக் கூட்டியோ குறைத்தோதான் வேக வேறுபாட்டைச் சரிசெய்கிறது. ஒரு சட்டத்தில் கிளையன்ட்டுக்கு உள்ள இடம் 15,232 பைட். அதில் ஒரு பைட் என்றால் 65 பிபிஎம் சொச்சம். ஓடிஎன்-இன் சொந்த ±20-ஐக் கழித்தால் கிளையன்ட்டுக்கு மிஞ்சுவது ±45 பிபிஎம். எஸ்டிஎச் கடிகாரத்துக்கு அது தாராளம். ஈதர்நெட்டின் ±100 அதில் அடங்காது. கொள்கலனை எவ்வளவு பெரிதாக்கினாலும், ஏஎம்பி இருக்கும்வரை ஈதர்நெட் கடிகாரத்தை அது பின்தொடர முடியாது.

நான்கு வழிகள்

தரம் கைகொடுக்காத இடைக்காலத்தில் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வழியாகப் போனார்கள். அவற்றையெல்லாம் ஐடியு-டி 2006-இல் ஜி-தொடர் துணை ஆவணம் 43-ஆகத் தொகுத்தது. டிரான்ஸ்பாண்டர்களின் அமைப்புத் திரையில் ‘6.2’, ‘7.3’ என்று விளக்கமில்லாமல் எண்கள் நிற்பது இதனால்தான். அவை அந்த ஆவணத்தின் பிரிவு எண்கள்.

6.2 என்பது ஜிஎஃப்பி-எஃப் என்ற பொதியும் முறை வழியாக மேக் ஃபிரேமை மட்டும் எடுத்துச் செல்வது. முன்னொட்டு 8 பைட்டும் ஃபிரேம்களுக்கு இடையிலான 12 பைட்டும் நீக்கப்படும். பதிலுக்கு ஜிஎஃப்பி தலைப்பு 8 பைட் சேரும். ஃபிரேமுக்கு 12 பைட் மிச்சம் என்பதால், முழுச் சுமையானாலும் 9.995277-க்குள் அடங்கிவிடும். சாதாரண 10.709 லைனும் மலிவான ஒளி மாட்யூலும் போதும். இழப்பது மூன்று: முன்னொட்டில் ஒளித்து வைத்த தகவல், கோளாறைத் தெரிவிக்கும் லோக்கல் ஃபால்ட்–ரிமோட் ஃபால்ட் குறியீடுகள், கிளையன்ட்டின் கடிகாரம்.

7.3 முதல் இரண்டையும் காப்பாற்றுகிறது. முன்னொட்டு 8 பைட்டும் சேர்ந்தே போகும், ஃபால்ட் குறியீடுகளும் போகும். மிச்சம் ஃபிரேமுக்கு வெறும் 4 பைட்டாகச் சுருங்குவதால் பெரிய ஃபிரேம்களில் கணக்கு இடிக்கும். 9,600 பைட் ஃபிரேமை எடுத்துக்கொண்டால் ஈதர்நெட்டில் அது 9,620 பைட், ஜிஎஃப்பியில் 9,616. 10 கிகாபிட் முழுச் சுமைக்கு 9.995842 கிகாபிட் இடம் வேண்டும். ஓபியு2 தருவது 9.995277. இரு பக்கமும் பெயரளவு வேகத்தில் ஓடினாலே 56 பிபிஎம் பற்றாக்குறை. ஆகவே ஓபியு தலைப்பிலிருந்து 7 பைட்டைக் கடன் வாங்கி, சட்டத்துக்கு 15,239 பைட் ஆக்கினார்கள். இடம் 9.99987 கிகாபிட் ஆனது. மோசமான 120 பிபிஎம் வேறுபாட்டையும் தாங்கும். ஆனால் கடிகாரம் இதிலும் கடப்பதில்லை.

மூன்றாவதும் நான்காவதும் முரட்டு வழிகள்: லைனையே வேகமாக ஓட்டுவது. 10.3125 கிகாபிட் பிட் ஓட்டத்தை மாற்றமில்லாமல் எடுத்து, ஈதர்நெட்டின் கடிகாரத்திலிருந்தே ஓடியுவின் கடிகாரத்தையும் பெறுவது. இதற்குப் பெயர் பிஎம்பி, அதாவது பிட்டுக்குப் பிட் ஒத்திசைந்த மேப்பிங். எஸ்டிஎச் மேப்பிங்கில் உள்ள 16 நிரப்புப் பத்திகளை வைத்துக்கொண்டால் லைன் வேகம் 10.3125 × 255/237 = 11.0957 கிகாபிட், இது ஓடியு2இ, சுருக்கமாக 2இ. அந்தப் பத்திகளையும் தரவுக்கே கொடுத்தால் × 255/238 = 11.0491, இது ஓடியு1இ, சுருக்கமாக 1இ. இரண்டும் ±100 பிபிஎம். 2009-ஆம் ஆண்டு ஜி.709 திருத்தத்தில் ஓடியு2இ முறையான உறுப்பினரானது. 1இ துணை ஆவணத்திலேயே தங்கிவிட்டது. புதிதாக அமைப்பவர்கள் 1இ பக்கம் போகக் காரணமே இல்லை.

முதல் புகார்: பொய் சொல்லும் தரக் குறியீடு

சிங்க்-இ என்பது ஈதர்நெட்டின் பிட் வேகத்தையே கடிகாரமாகக் கடத்துவது. ரவுட்டர் போர்ட்டின் சொந்தக் கடிகாரமான கிரிஸ்டலுக்குப் பதிலாக, முதல்தரக் கடிகாரத்தைப் பின்தொடரும் பிஎல்எல் சுற்று அந்த 10.3125-ஐ ஓட்டும். கூடவே இஎஸ்எம்சி என்ற சிறு ஃபிரேம் வினாடிக்கு ஒன்றாகப் போய், ‘இந்தக் கடிகாரம் முதல்தர மூலத்திலிருந்து வருகிறது’ என்று சொல்லும்.

6.2 மேப்பிங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏறும் முனையில் ஈதர்நெட் ஓட்டம் அவிழ்க்கப்பட்டு ஃபிரேம்களாகிறது. இறங்கும் முனையில் அந்த ஃபிரேம்கள் புதிய ஈதர்நெட் ஓட்டமாகக் கட்டப்படுகின்றன. அந்தப் புதிய ஓட்டத்தை ஓட்டுவது டிரான்ஸ்பாண்டர் கார்டில் இருக்கும் கிரிஸ்டல். மைய நிலையக் கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. இஎஸ்எம்சியோ ஒரு ஃபிரேம். 01-80-சி2-00-00-02 என்ற முகவரிக்குப் போகும் ஃபிரேமை ஈதர்நெட் சுவிட்ச் விழுங்கிவிடும். டிரான்ஸ்பாண்டர் சுவிட்ச் இல்லை என்பதால் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். கடிகாரம் மாறிவிட்டது, சான்றிதழ் மட்டும் பழையபடி வந்து சேர்கிறது. மறுமுனை ரவுட்டர் 0010 என்ற குறியீட்டைப் படித்து, முதல்தர மூலம் என்று நம்பி, அந்தப் போர்ட்டை முன்னுரிமை ஒன்றில் வைக்கிறது.

இதன்பிறகு நடப்பது அந்தக் கிரிஸ்டலின் தரத்தைப் பொறுத்தது. இங்கே ஒரு வினோதம் உண்டு. சிங்க்-இ கடிகாரத்துக்கு ஜி.8262 விதித்த எல்லை ±4.6 பிபிஎம். டிரான்ஸ்பாண்டர் கிரிஸ்டல் 15 பிபிஎம் விலகியிருந்தால் ரவுட்டரின் பிஎல்எல் பிடித்துக்கொள்ளாது. ‘அதிர்வெண் எல்லைக்கு வெளியே’ என்று அலாரம் வரும், யாராவது பார்ப்பார்கள். கிரிஸ்டல் நல்லதாக இருந்து 3 பிபிஎம் மட்டுமே விலகியிருந்தால் ரவுட்டர் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய பேஸ் ஸ்டேஷன் வானில் அனுப்பும் அலைக்கு அனுமதி 0.05 பிபிஎம், 3 பிபிஎம் அதைப்போல் 60 மடங்கு. 1800 மெகாஹெர்ட்ஸில் அது 5.4 கிலோஹெர்ட்ஸ் விலகல், எல்டிஇ துணை அலைகளின் இடைவெளியே 15 கிலோஹெர்ட்ஸ்தான். மட்டமான கிரிஸ்டல் அலாரம் அடிக்கிறது, நல்ல கிரிஸ்டல் சேவையைக் கெடுக்கிறது. சில நிலையங்களில் அலாரமும் சிலவற்றில் வெறும் ஹேண்டோவர் தோல்வியும் கலந்து வருவது இப்படித்தான்.

பழியை முதலில் பேஸ் ஸ்டேஷன் சுமக்கும், பிறகு ரவுட்டர். ஓடிஎன் பக்கம் ஒரு அலாரமும் இல்லாததால் அங்கே கடைசியில்தான் பார்ப்பார்கள். தேடும் வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது.

கண்டுபிடிக்கும் சோதனை எளிது. ஏறும் முனையை ஏ, இறங்கும் முனையை பி என்போம். ஏ முனையில் டெஸ்டரை கிளையன்ட் போர்ட்டில் மாட்டி, அனுப்பும் அதிர்வெண்ணை +50 பிபிஎம் நகர்த்துங்கள். பி முனையில் இன்னொரு டெஸ்டர் வாங்கும் அதிர்வெண்ணைப் படிக்கட்டும். அதன் சொந்தக் கடிகாரம் ஜிபிஎஸ் அல்லது ருபீடியத்தில் பூட்டியிருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு பிழைகளின் வித்தியாசத்தைத்தான் படிப்பீர்கள். பி-யில் +50 தெரிந்தால் கடிகாரம் கடக்கிறது. ஏ-யில் +50, 0, –50 என்று மாற்றியும் பி-யில் ஒரே எண் நின்றால் கடக்கவில்லை, நிற்கும் அந்த எண்தான் டிரான்ஸ்பாண்டர் கிரிஸ்டலின் விலகல். அரை மணி நேர வேலை. ஓபியுவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் பேலோட் வகைக் குறியீட்டையும் பார்த்துவிடுங்கள்: 05 என்றால் ஜிஎஃப்பி, 09 என்றால் நீட்டிய ஓபியு2-இல் ஜிஎஃப்பி, 03 என்றால் பிஎம்பி. ஒரு முனையில் 05, மறுமுனையில் 09 என்று அமைத்திருந்தால் பிஎல்எம் (பேலோட் வகை பொருந்தவில்லை) அலாரம் வந்து போக்குவரத்தே நின்றுவிடும். அது தெளிவான கோளாறு, அதனால் ஆபத்தில்லை.

இரண்டாம் புகார்: அந்த 0.01 விழுக்காடு

ஏறும் ஈதர்நெட் +60 பிபிஎம், இறங்கும் போர்ட்டின் கிரிஸ்டல் –40 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 100 பிபிஎம். முழுச் சுமையில் வினாடிக்கு 1 மெகாபிட் வெளியேற வழியில்லாமல் பஃபரில் தேங்கும். 1,518 பைட் ஃபிரேம்கள் முழுச் சுமையில் வினாடிக்கு 8,12,743 போகும். அதில் 81 விழும்.

பஃபர் 1 மெகாபைட் என்றால் நிரம்ப 8 வினாடி. இந்த எட்டு வினாடிதான் பலரைக் குழப்புவது. ஐந்து வினாடிச் சோதனையில் இழப்பு சுழி, ஒரு நிமிடச் சோதனையில் இழப்பு. தாமத வரைபடத்தைத் திறந்தால் விடை அங்கேயே இருக்கும்: தாமதம் நேர்கோடாக ஏறி, 0.8 மில்லிவினாடி கூடியதும் தட்டையாகும். தட்டையான அந்தக் கணத்தில்தான் முதல் ஃபிரேம் விழும்.

இழையில் ஏற்படும் பிட் பிழையிலிருந்து இதைப் பிரித்தறிய மூன்று அடையாளம். பிட் பிழையில் பெரிய ஃபிரேம்களின் இழப்பு விகிதம் கூடும். இதில் எந்த ஃபிரேம் அளவுக்கும் விகிதம் ஒன்றே. சுமையை 99.9 விழுக்காடாகக் குறைத்தால் இழப்பு முற்றாக மறையும், ஏனென்றால் 0.1 விழுக்காடு என்பது 1,000 பிபிஎம். எஃப்சிஎஸ் பிழை (ஃபிரேம் கெட்டதைக் காட்டும் சரிபார்ப்புப் பிழை) ஒன்றுகூட ஏறியிருக்காது. ஃபிரேம்கள் கெட்டு விழவில்லை, முழுதாகத் தூக்கியெறியப்பட்டன.

எல்லாக் கருவியிலும் இது வருவதில்லை. ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளியில் 4 பைட்டைச் சில ஃபிரேம்களுக்கு ஒருமுறை நீக்கிவிட ஈதர்நெட் அனுமதிக்கிறது. மிக மோசமான 200 பிபிஎம் வேறுபாட்டில்கூட 1,538 பைட்டுக்கு 0.3 பைட்தான் குறைக்க வேண்டும். 13 ஃபிரேமுக்கு ஒருமுறை 4 பைட் நீக்கினால் தீர்ந்தது. அப்படிச் செய்யும் சில்லு இழப்பைக் காட்டாது. சராசரி இடைவெளியை 12 பைட்டிலேயே கறாராகப் பிடித்துவைக்கும் சில்லு காட்டும். உண்மைப் போக்குவரத்து 100 விழுக்காட்டில் எட்டு வினாடி தொடர்ந்து ஓடுவது அரிது. ஆகவே இந்த இழப்பைத் தனிக் கோளாறாக எண்ணித் துரத்த வேண்டியதில்லை. ஆனால் சிங்க்-இ கேட்ட இணைப்பில் இந்த இழப்பைக் கண்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். இரு முனைக் கடிகாரமும் வெவ்வேறு என்பதற்கு அதைவிட மலிவான சாட்சி கிடையாது.

மாற்றும்போது

தீர்வு, கிளையன்ட்டை ஓடியு2இ-க்கு மாற்றுவது. மெனுவில் ஒரு வரி மாற்றம் போலத் தோன்றும். லைன் 10 கிகா வகை என்றால் அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன.

லைன் வேகம் 10.709-லிருந்து 11.096-க்கு 3.6 விழுக்காடு ஏறுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு லைன் மாட்யூலும், சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரீஜெனரேட்டரும் அந்த வேகத்துக்குப் பூட்ட வேண்டும். பல வேகம் தாங்கும் மாட்யூல்கள் 9.95 முதல் 11.3 வரை போகும், 10.3125-க்கு மட்டும் என்று வாங்கிய எஸ்எஃப்பி+ ஒளி மாட்யூல் பூட்டாமல் போகலாம். பழைய ரீஜெனரேட்டர் கார்டில் இன்னொரு பொறி உண்டு: வேகத்தைப் பிடித்தாலும் ±20 பிபிஎம்-க்கு வடிவமைத்த பிஎல்எல் ±100-ஐப் பின்தொடராது. கிளையன்ட் சிங்க்-இ-யில் ஓடும்வரை எல்லாம் சரியாக இருக்கும். ரவுட்டர் தன் சொந்தக் கிரிஸ்டலுக்கு விழுந்த அன்று லைன் அறுந்துவிடும். ஆகவே ஏற்புச் சோதனையில் +100, –100 பிபிஎம் ஆகிய இரண்டு எல்லையிலும் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு முனை 1இ, மறுமுனை 2இ என்று அமைந்துவிட்டால் வேறுபாடு 4,200 பிபிஎம் சொச்சம், சட்டமே கிடைக்காது. அலாரம் சட்ட இழப்பு என்றுதான் வரும், காரணத்தைச் சொல்லாது.

பல ஓடியுவை ஒரு பெரிய ஓடியுவில் அடுக்கி (மக்ஸ் செய்து) அனுப்பினால் இடக் கணக்கு மாறும். 40 கிகா வகையான ஓடியு3-இல் 1.25 கிகா இடங்கள் 32. ஓடியு2 ஒவ்வொன்றும் 8 எடுக்கும், நான்கு கொள்ளும். ஓடியு2இ-க்கு 9 வேண்டும். மூன்றுதான் கொள்ளும், 5 இடம் மிஞ்சும். நான்கு 10 கிகா ஓடும் 40 கிகா லைனில் நான்கையும் 2இ ஆக்க முடியாது என்பது மாற்ற வேலை தொடங்கிய இரவில் தெரியக் கூடாது. 100 கிகா வகையான ஓடியு4-இல் இந்தத் தொல்லை இல்லை: 80 இடம், 2இ-க்கு 8, பத்தும் கொள்ளும். இங்கே ஜிஎம்பி என்ற புதிய மேப்பிங் ±100 பிபிஎம்-ஐத் தாங்குகிறது. எத்தனை அலகு தரவு இந்தச் சட்டத் தொகுதியில் இருக்கிறது என்ற எண்ணையே தொகுதிதோறும் அனுப்புவதால், ஒரு பைட் கூட்டல் கழித்தலின் எல்லை அதற்கு இல்லை. 100 கிகா லைன் இருந்தால் முதலில் அங்கே மாற்றுங்கள்.

1 கிகா ஈதர்நெட்டுக்கு இந்தக் குழப்பம் குறைவு. 2009-இல் அதற்கென்றே ஓடியு0 வந்தது. 1.25 கிகாபிட் 8பி/10பி ஓட்டத்தை 15/16 ஆகச் சுருக்கி 1.171875 கிகாபிட் ஆக்கி, ஜிஎம்பி வழியாக 1.238954 கிகாபிட் இடத்தில் வைக்கிறார்கள். 15,232 பைட்டில் சராசரி 14,407.3 நிரம்பும், கடிகார விலகலுக்கேற்ப 14,405-க்கும் 14,410-க்கும் நடுவே எண்ணிக்கை ஆடும். அந்த ஆட்டத்திலிருந்து மறுமுனை கடிகாரத்தை மீட்டெடுக்கிறது.

2இ-க்கு மாற்ற லைன் இடம் கொடுக்காத இடங்களில், மறுமுனையில் ஜிபிஎஸ் வைத்து சிங்க்-இ-யை அங்கிருந்தே தொடங்கலாம். மேற்பார்வை அலைவரிசையில் கடிகாரம் கடத்தும் ஓடிஎன் கருவிகளும் உண்டு. எதுவாக இருந்தாலும், 6.2 அல்லது 7.3 நீடிக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் மறுமுனை ரவுட்டரில் சிங்க்-இ மூலத் தேர்வை அன்றே அணைத்துவிட வேண்டும். முன்னுரிமையைக் குறைத்தால் போதும் என்று விடுவது தவறு. மற்ற மூலம் விழுந்ததும் ரவுட்டர் இதற்குத்தான் வரும், வரும்போது 0010 என்ற சான்றிதழைப் பார்த்துச் சந்தேகமே படாது.

மாற்றிய பிறகு கடைசிச் சோதனையாக, ஏ முனையில் கிளையன்ட் இழையைப் பிடுங்குங்கள். 2இ-யில் பி முனை டிரான்ஸ்பாண்டர் தன் கிரிஸ்டலில் லோக்கல் ஃபால்ட் குறியீட்டை அனுப்பும். ரவுட்டர் போர்ட் உடனே கீழே போக (டவுன் ஆக) வேண்டும், சிங்க்-இ வேறு மூலத்துக்குத் தாவ வேண்டும். 6.2-இல் அந்தச் செய்தி 100 முதல் 1,000 மில்லிவினாடி இடைவெளியில் போகும் ஜிஎஃப்பி மேலாண்மை ஃபிரேமாகத்தான் வரும், அதைக் கேட்டு லேசரை அணைக்கும் வசதி கார்டில் அணைந்தே கிடக்கலாம். பி முனையில் போர்ட் மேலேயே நின்றால், இஎஸ்எம்சி நின்று ஐந்து வினாடி கழித்துத்தான் ரவுட்டர் அந்த மூலத்தைக் கைவிடும். அந்த ஐந்து வினாடி உங்கள் பதிவேட்டில் தெரிந்தால், போர்ட் இன்னும் பழைய மேப்பிங்கிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.